பேன்ட் பாக்கெட்டுக்கு ஒரு சின்ன டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

டோனர்கை கேட்டது:

வணக்கம். ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர் பழுது பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க ஒரு சின்ன டார்ச் பேன்ட் பாக்கெட்டில் கிடக்கும். இப்போது வைத்திருப்பது விரல் நீளம்தான், உள்ளேயே சார்ஜ் ஏறும் வகை, சுவிட்ச் பக்கவாட்டில். பெட்டியில் 1000 லுமென் (டார்ச் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தது.

தொல்லை மூன்று. குனிந்து நிமிர்ந்தால் பாக்கெட்டுக்குள் தானாக எரிந்துவிடுகிறது, தொடை சுடும்போதுதான் தெரிகிறது. அந்த 1000 லுமென் ஒரு நிமிடம் நிற்பதில்லை, கண்ணெதிரே மங்கிவிடுகிறது. மெஷினுக்குள் அடித்துப் பார்த்தால் பழுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் ஒரே மாதிரி தெரிகின்றன. போதாக்குறைக்கு, போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகினால் சார்ஜே ஏறுவதில்லை.

இதைச் சரிசெய்ய வழி உண்டா, இல்லை வேறு வாங்கிவிடலாமா? வாங்கினால் லுமென் இன்னும் கூடுதலாகப் பார்க்கட்டுமா?

கால்திருகு:

தானாக எரிவதற்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. பாக்கெட்டில் போடும் முன் பின்மூடியைக் கால் திருகு தளர்த்துங்கள். பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் எரியாது.

ஆனால் முதலில் மரையைப் பாருங்கள். மரையும் உடம்பின் நிறத்திலேயே மங்கலாக இருந்தால் அது அனோடைஸ் செய்தது. மேலே இருக்கும் அலுமினிய ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. குழாயின் விளிம்பு மூடியைத் தொடும் இடத்தில் மட்டும்தான் இணைப்பு, அதனால் கொஞ்சம் தளர்த்தினாலே அறுந்துவிடும். மரை பளபளவென்று வெறும் அலுமினியமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, மூடி கையோடு வரும்வரை எரிந்துகொண்டே இருக்கும்.

சார்ஜ் போடும்போது மறுபடி இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஏறாது.

ஓம்விதி:

கேபிள் விஷயம் டார்ச் தயாரித்தவர் பண்ணிய சிக்கனம். இரண்டு முனையும் டைப்-சி என்றால், மறுபக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று தெரியும்வரை சார்ஜர் மின்சாரமே விடாது. அதைத் தெரிவிக்க டார்ச்சுக்குள் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். பல சின்னக் கருவிகளில் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய தட்டையான யூஎஸ்பி-ஏ உள்ள கேபிளை, அதற்கேற்ற சார்ஜரில் போடுங்கள். அதில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், ஏறிவிடும்.

மங்குவது பழுதே அல்ல. விரல் அளவு உடம்பில் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகம் எங்கே இருக்கிறது? அப்படியே முழு வெளிச்சத்தில் விட்டால் கை பொத்துவிடும், அதனால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே குறைத்துவிடுகிறது. பெட்டியில் போடும் எண்களுக்கு எஃப்எல்-1 என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அதன்படி லுமெனை அளப்பது, போட்ட 30 விநாடி கழித்து. எரியும் நேரம் என்பதோ, வெளிச்சம் அந்த அளவில் 10 சதவீதமாக இறங்கும்வரை ஆகும் மொத்த நேரம். ஆக "1000 லுமென், 2 மணி நேரம்" என்று அடுத்தடுத்து எழுதியிருந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கூடாது. முதல் நிமிடத்தில் 1000, மீதி நேரமெல்லாம் 150 என்றாலும் அது அந்த அளவுகோலுக்கு உட்பட்டதுதான்.

அதனால் கூடுதல் லுமென் வேண்டவே வேண்டாம். கண்ணுக்கு இரண்டு மடங்கு பளிச்சென்று தெரியவே ஏறக்குறைய நான்கு மடங்கு லுமென் வேண்டியிருக்கிறது. கை எட்டும் தூரத்தில் வேலை செய்பவருக்கு 50 லுமெனே தாராளம்.

நடுப்பக்கம்:

இதற்கெல்லாம் தனி டார்ச் எதற்கு? போனில் இருக்கிறதே, போதாதா?

டோனர்கை:

டோனர் (மெஷினின் மைப்பொடி) அப்பிய கையால் போனை எடுக்க மனசு வராது சார். தவிர, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சந்தில் போன் நுழையாது. இரண்டு கையும் வேலையில் இருந்தால் டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வேன்.

ஓம்விதி:

லித்தியம் செல் உள்ள டார்ச்சை வாயில் கவ்வாதீர்கள். அபூர்வம்தான், ஆனால் அந்தச் செல் கோளாறானால் புகை விட்டுப் பீறிடும். தொப்பி விளிம்பில் மாட்டுகிற மாதிரி இருபக்கக் கிளிப் உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்று. கடையில் பின்பக்கம் காந்தம் வைத்த டார்ச்சை "மெஷின் வேலைக்கு வசதி" என்று நீட்டுவார்கள். உங்கள் வேலைக்கு அது ஆகாது. மெஷினுக்குள் டோனரைச் சுமக்கும் டெவலப்பர் பொடியில் இரும்போ ஃபெரைட்டோ இருக்கும், சில கறுப்பு டோனரிலும் காந்தத்தில் ஒட்டும் துகள் உண்டு. ஒரே வாரத்தில் டார்ச்சின் அடிப்பக்கம் கறுப்பு முள்ளம்பன்றி ஆகிவிடும்.

செம்மண்:

ஒயர் நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பார்க்க வேண்டிய எழுத்து சிஆர்ஐ. சூரிய ஒளியில் தெரியும் நிறத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது என்பதன் மதிப்பு, உச்சம் 100. வெளிச்சத்தை மட்டும் குறிவைத்துச் செய்த எல்இடி பெரும்பாலும் 70 பக்கத்தில் நிற்கும். அதில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு அடிபட்டுப் போகும், பழுப்பும் சிவப்பும் குழம்புவது அதனால்தான். 90க்கு மேல் உள்ளதாகக் கேளுங்கள். நிறவெப்பம் 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருக்கட்டும், 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை.

கடையிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். ரேகையும் ரத்த ஓட்டமும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நல்ல எல்இடி. பிணத்தின் கை மாதிரி வெளுத்துத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இதற்கு விலையாக லுமென் கொஞ்சம் குறையும். குறையட்டுமே.

கால்திருகு:

செம்மண் சொன்னதற்கு நானும் ஒரு ஓட்டு. கூடவே, ஒளி விழும் விதத்தையும் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாகக் குவியும் டார்ச் தூரத்துக்குத்தான். பெட்டியில் கேண்டெலா என்று ஓர் எண் இருக்கும், ஒளி எவ்வளவு குவிந்து பாய்கிறது என்பதன் அளவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். 2500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். உங்களுக்கு எதற்கு 100 மீட்டர்? அதை முழங்கை தூரத்தில் லேபிள் மேல் அடித்தால் எழுத்தே வெளுத்துப் போகும். பரவலாக, ஓரம் வரை ஒரே சீராக விழுவதுதான் வேண்டும்.

டோனர்கை:

மரை உடம்பு நிறத்தில்தான் இருக்கிறது, கால் திருகு வேலை செய்கிறது! யூஎஸ்பி-ஏ கேபிளில் சார்ஜும் ஏறிவிட்டது. உள்ளங்கைச் சோதனையில்தான் தோற்றது, சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. ஆக இது வீட்டுக்கு, வேலைக்குப் புதிது ஒன்று. செல் எது நல்லது? கடையில் எண்ணாகவே சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

ஓம்விதி:

14500 என்றால் 14 மி.மீ. பருமன், 50 மி.மீ. நீளம். 18650 என்றால் 18 மி.மீ., 65 மி.மீ. அவ்வளவுதான் அந்த எண். 18650 அதிக நேரம் எரியும், ஆனால் நாள் முழுக்கப் பாக்கெட்டில் தடிமனாக உறுத்தும். மெல்லிய ஏஏஏ செல் டார்ச் பேனா மாதிரி இருக்கும், சீக்கிரம் தீரும். நான் ஏஏ அளவைத்தான் சொல்வேன். தீர்ந்தால் எங்கேயும் கிடைக்கும் செல், சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதிலும் சாதா ஆல்கலைன் செல்லைப் போட்டு மறந்துவிடாதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். 14500 இதே உருவத்தில் இருந்தாலும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச் அதை ஏற்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள், 1.5 வோல்ட்டுக்குச் செய்த டார்ச் என்றால் புகைந்துவிடும்.

சுவிட்ச் பின்பக்கம், விளிம்புக்குள் பதுங்கி, அழுத்தினால் டிக்கென்று விழுவதாக இருக்கட்டும். குனியும்போது அமுங்காது, அணைத்தபின் செல்லிலிருந்து சொட்டு மின்சாரம்கூடப் போகாது. முதல் அழுத்தில் குறைந்த வெளிச்சம் வர வேண்டும். மெஷினின் வெள்ளைத் தகட்டில் முழு வெளிச்சம் பட்டுத் திரும்பினால் உங்கள் கண்ணுக்குத்தான் அடி.

செம்மண்:

வாங்கியதும் குறைந்த வெளிச்சத்தில் வைத்துப் போன் கேமராவை அதற்கு நேரே பிடியுங்கள். திரையில் பட்டைப் பட்டையாகக் கோடு ஓடினால் அது அதிவேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. பற்சக்கரம் சுழலும் வேகமும் அந்த மினுக்கலும் பொருந்திவிட்டால், ஓடும் சக்கரம் நிற்கிற மாதிரி தெரியும். விரலை விட்டுவிடுவீர்கள். அப்படி இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.