தாழ்த்திய காரின் முன்சக்கர கேம்பர்: கேம் போல்ட்டா, கேம்பர் பிளேட்டா?

கேள்வி

என் காரின் முன்புற சஸ்பென்ஷன் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகையைச் சேர்ந்தது, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக (ஸ்ட்ரட்) நிற்பது. தொழிற்சாலை ஸ்பிரிங்குகளை மாற்றி காரை 40 மி.மீ. தாழ்த்தியதிலிருந்து முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் வேகமாகத் தேய்கின்றன. வெளிப்பாதியில் பள்ளங்களின் ஆழம் ஏறத்தாழப் புது டயரில் உள்ளதைப் போலவே இருக்கிறது. அலைன்மென்ட் இயந்திரம் தந்த தாளில் இடப்பக்க கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு; மேல்பகுதி உட்புறம் சாய்ந்தால் நெகட்டிவ்) நெகட்டிவ் 2 டிகிரி 10 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி), வலப்பக்கம் நெகட்டிவ் 1 டிகிரி 20 நிமிடம் என்றும், மொத்த டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே, அதாவது அவுட், அல்லது உள்ளே, அதாவது இன், திரும்பிய அளவு) 4 மி.மீ. அவுட் என்றும், ஸ்டீயரிங் அச்சின் (சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது) உட்புறச் சாய்வு இடப்பக்கம் 14 டிகிரி 40 நிமிடம், வலப்பக்கம் 13 டிகிரி 50 நிமிடம் என்றும் உள்ளன. காஸ்டர் (அதே அச்சின் முன்பின் சாய்வு) இருபுறமும் ஒன்றுதான். சமதளச் சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் கார் மெல்ல வலப்பக்கம் விலகுகிறது.

இந்த மாடலில் கேம்பரை மாற்றுவதற்கான வசதி எதையும் தயாரிப்பாளர் வைக்கவில்லை. நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) ஸ்ட்ரட்டுடன் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேல் போல்ட்டை எடுத்துவிட்டு கேம் போல்ட் (திருப்பினால் நக்கிளின் சாய்வை மாற்றும் போல்ட்) போட்டால் போதும் என்று சிலரும், ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் (அந்தத் தலையை உள்ளும் புறமும் நகர்த்த உதவும் தகடு) பொருத்துவதே முறை என்று சிலரும் கூறுகிறார்கள். பந்தயத் தடத்தில் ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை. டயர் தேய்மானம் நிற்க வேண்டும், அவ்வளவே. இரண்டில் எது பொருந்தும்? கேம்பரை முழுக்கச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடலாமா?

முதல் மறுமொழி

உங்கள் தாளில் கேம்பரைவிட என் கண்ணை உறுத்துவது டோதான். மொத்தம் 4 மி.மீ. அவுட் என்றால் ஒவ்வொரு சக்கரமும் 2 மி.மீ. வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது. அந்த அளவு டயரின் விளிம்பில் எடுக்கப்பட்டது என்றும், டயரின் விட்டம் 600 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன் டயரும் 3 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடுகிறது. நெகட்டிவ் கேம்பர் காரணமாக உள்விளிம்பு ஏற்கெனவே அதிக எடையைத் தாங்குவதால், அந்த இழுபடல் முழுவதும் அங்கேதான் ரப்பரைச் சுரண்டுகிறது. பழி கேம்பர்மீது விழுகிறது. வேலையைச் செய்வது டோ.

சந்தேகம் இருந்தால் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலவும் பட்டால் அது டோவினால் வந்த தேய்மானம். இரு திசையிலும் வழவழப்பாக இருந்து, உட்புறம் மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால் கேம்பரைக் குறைசொல்லலாம்.

சுழியம் வேண்டாம் என்பதே என் கருத்து. வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. அதனுடன் வெளிச்சக்கரமும் வெளிநோக்கிச் சாய்வதால், நேராக நிற்கும்போது சற்று நெகட்டிவாக இருந்தால்தான் திருப்பத்தில் டயர் தரையில் முழுதாகப் பதியும். தாழ்த்திய காரில் இது இன்னும் தேவை. லோயர் ஆர்மின் (நக்கிளைக் கீழ்ப்புறம் பிடித்திருக்கும் கை) வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்து நிற்கும் அளவுக்குத் தாழ்த்திவிட்டால், சக்கரம் மேலெழும்போது கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் மிகக் குறைந்துவிடும், ஒரு நிலைக்குப் பிறகு எதிர்த்திசையிலும் மாறத் தொடங்கும். அன்றாடப் பயணத்துக்கு நெகட்டிவ் 1 முதல் 1.5 டிகிரி வரை வைத்து, டோவைச் சுழியத்துக்கோ 1 மி.மீ. இன்னுக்கோ கொண்டுவந்தால் டயர் நியாயமான காலம் உழைக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள 50 நிமிட வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இரு ஸ்பிரிங்குகளும் ஒரே அளவு தாழ்த்தியிருந்தால் கேம்பரும் இருபுறமும் ஒரே அளவில்தான் மாறியிருக்கும். கேம்பர் வேறுபடும்போது நெகட்டிவ் குறைவாக உள்ள பக்கம் கார் இழுக்கும் என்பதால், வலப்பக்கம் விலகுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

விடை உங்கள் தாளிலேயே இருக்கிறது. அச்சின் சாய்வுடன் கேம்பரைக் குறியோடு கூட்டுங்கள். இடப்பக்கம் 14 டிகிரி 40 நிமிடத்தில் 2 டிகிரி 10 நிமிடம் போக 12 டிகிரி 30 நிமிடம். வலப்பக்கம் 13 டிகிரி 50 நிமிடத்தில் 1 டிகிரி 20 நிமிடம் போக அதே 12 டிகிரி 30 நிமிடம். நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருந்தால் இந்தக் கூட்டுத்தொகை ஒரு பக்கம் மாறியிருக்கும். தொகை சமமாக இருந்து கேம்பர் மட்டும் வேறுபடுவதால், பெரும்பாலும் சப்ஃபிரேம் (லோயர் ஆர்ம்கள் பொருத்தப்பட்ட அடிச்சட்டம்) இடப்பக்கமாக நகர்ந்திருக்கிறது: இடது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மின் வெளிமுனையில் உள்ள மூட்டு) வெளியே தள்ளப்பட்டு நெகட்டிவ் கூடியிருக்கிறது, வலது உள்ளே வந்து குறைந்திருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலைகள் நிற்கும் இடம் கோணினாலும் இதே எண்கள்தான் வரும். ஆனால் விபத்துக்குள்ளாகாத காரில் அது அரிது.

பால் ஜாயின்ட்டிலிருந்து ஸ்ட்ரட்டின் தலை வரை 600 மி.மீ. என்று கொண்டால், வேறுபாட்டின் பாதியான 25 நிமிடத்தைச் சரிசெய்ய சப்ஃபிரேமை 4 மி.மீ.க்குச் சற்று மேல் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். பல கார்களில் சப்ஃபிரேம் போல்ட் துளைகளில் அவ்வளவு இடைவெளி இருக்கும். இடங்காட்டும் முளை வைத்த கார்களில் இராது. அப்படி நகர்த்தினால் இருபுறமும் நெகட்டிவ் 1 டிகிரி 45 நிமிடமாகிவிடும். காரைத் தாங்குகால்களில் நிறுத்தாமல், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டயரைத் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் தெளிவாகவே ரம்பம்போல் கையில் படுகிறது. சப்ஃபிரேமை நடுவுக்குக் கொண்டுவந்து டோவையும் சரிசெய்தால், 1 டிகிரி 45 நிமிடத்தை அப்படியே விட்டுவிடலாமா? கேம் போல்ட் போடுவதானால் எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும்?

மூன்றாம் மறுமொழி

விட்டுவிடலாம், இன்னும் கொஞ்சம் குறைக்க விரும்பினால் கேம் போல்ட்டே போதும். கடைகளில் விற்கும் கேம்பர் பிளேட்டுகளில் பெரும்பாலானவை நெகட்டிவைக் கூட்டுவதற்காக, அதாவது ஸ்ட்ரட்டின் தலையை உட்புறம் தள்ளுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. தவிர, ரப்பர் மவுண்ட் போய் இரும்பு பேரிங் வந்துவிட்டால் சாலையின் ஒவ்வொரு சத்தமும் காருக்குள் கேட்கும். அன்றாட காருக்கு அது வீண் தொல்லை.

கேம் போல்ட்டின் தண்டு மூல போல்ட்டைவிட மெலிந்தது. ஆகவே மூல போல்ட்டுக்குக் கையேட்டில் சொன்ன இறுக்கத்தை இதற்குக் கொடுக்கக் கூடாது. அதன் உறையில் அச்சிட்ட அளவை டார்க் ரெஞ்சில் வைத்து, புது நட்டுடன் இறுக்குங்கள். போல்ட்டின் தலையிலும் நக்கிளிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், பிறகு எப்போதாவது நழுவியிருந்தால் பார்த்தவுடனே தெரியும். டயரின் மேல்பகுதி சில மி.மீ. வெளியே வரும் என்பதால் ஃபெண்டர் விளிம்பில் உரசுகிறதா என்றும் கவனியுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் லோயர் ஆர்ம் புஷ் (உள்முனையில் உள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் மீண்டும் இறுக்க வேண்டும். தாழ்த்தும்போது பலர் இதைச் செய்வதில்லை. ரப்பர் பழைய உயரத்துக்கு முறுக்கிக்கொண்டே நிற்பதால் காரின் உயரம் ஏறுமாறாகிறது, புஷ்ஷும் விரைவில் கிழிகிறது. அடுத்து சப்ஃபிரேம், பிறகு கேம்பர், கடைசியாகத்தான் டோ. கேம்பரை மாற்றும்போது நக்கிள் சாய்கிறது, டை ராட் (ஸ்டீயரிங்கையும் நக்கிளையும் இணைக்கும் கம்பி) அதே நீளத்தில் நிற்கிறது. அதனால் டோ தவறாமல் மாறும்.

வீட்டிலேயே கேம்பரைச் சரிபார்க்கத் தூக்குக்குண்டு நூல் போதும். ரிம்மின் மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே 400 மி.மீ. என்றால், நூலிலிருந்து அவை நிற்கும் தூரங்களின் வேறுபாடு 7 மி.மீ. இருக்கும்போது கேம்பர் 1 டிகிரி. தரை சமமாக இருக்க வேண்டும்: 1.5 மீட்டர் அகலத்தில் 13 மி.மீ. சரிவு இருந்தாலே அளவில் அரை டிகிரி பிழை வரும். காரைத் திருப்பி நிறுத்தி, சக்கரங்கள் இடம் மாறி அதே தரையில் நிற்க மறுபடி அளந்து சராசரி எடுத்தால் அந்தப் பிழை நீங்கும்.

இப்போதுள்ள டயர்களை வைத்துப் புதிய அளவீட்டை எடைபோட வேண்டாம். உள்விளிம்பு ஒருமுறை சரிவாகத் தேய்ந்துவிட்டால் அலைன்மென்ட் சரியான பிறகும் அந்த டயர்கள் சிறிது இழுக்கும், இரைச்சலும் தரும். சுழலும் திசையோ உட்புறம், வெளிப்புறம் என்ற குறியோ இல்லாத டயர்களாக இருந்து, உள்விளிம்பில் கம்பி இன்னும் வெளித்தெரியாமல் பள்ளமும் போதிய ஆழத்தில் இருந்தால், ரிம்மிலிருந்து கழற்றிப் புரட்டிப் போட்டு வெளிப்பாதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.