மறு: ‘ஸ்மோல்ட்டிஃபிகேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

ஆற்றில் வளரும் சால்மன் குஞ்சின் உடல் கடல் வாழ்வுக்காக மாறுவதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்மோல்ட்டிஃபிகேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘கடல்நீர்த் தகவமைப்பு’ போதாதா? எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். மீன் உப்புநீரில் இறங்கிய பிறகு மெல்லப் பழகிக்கொள்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அட்லாண்டிக் சால்மன் அப்படிச் செய்வதில்லை. நார்வே ஆறுகளில் அதன் குஞ்சு 2 முதல் 5 ஆண்டுவரை நன்னீரிலேயே வளர்கிறது. பிறகு ஒரு வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும், ஒரு சொட்டு உப்பும் படாமலே, உடல் கடலுக்காக மாறத் தொடங்குகிறது. நம் சொல்லில் இந்த ‘முன்கூட்டியே’ இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

மாற்றமும் சின்னதில்லை. ஆற்றில் மீனின் இரத்தம் வெளிநீரைவிட உப்பு மிகுந்தது. தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசியும். அதனால் செவுள் உப்பை உறிஞ்சுகிறது, சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகிறது. கடலில் எல்லாம் தலைகீழ். அங்கே நீரின் உப்படர்த்தி இரத்தத்தைப் போல் சுமார் 3 மடங்கு. மீன் கடல்நீரைக் குடித்துத்தான் உடம்பில் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும். கூடவே வரும் சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள அயனிச் செல்கள் வெளியே தள்ள வேண்டும். அதற்குத் தேவையான சோடியம்–பொட்டாசியம் ஏடிபியேஸ் நொதி, குஞ்சு ஆற்றில் இருக்கும்போதே பெருகிவிடுகிறது. அதிலும் நன்னீருக்கு உரிய வடிவம் குறைந்து கடல்நீருக்கு உரிய வடிவம் கூடுகிறது. வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் இதை முடுக்கிவிடுகின்றன.

> ‘வெள்ளியாதல்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். பக்கவாட்டுக் கருவரிகள் மறைந்து, குவானின் என்ற மினுமினுக்கும் பொருள் படிந்து மேனி மின்னுவது கண்ணுக்குத் தெரிகிற அடையாளம். ஆனால் தைராய்டு ஹார்மோன் கொடுத்தாலே மேனி மின்னத் தொடங்கிவிடும், உப்பைத் தாங்கும் திறன் கூடவே வராது. வெளுத்ததெல்லாம் பாலாகுமா? நிறத்தை மட்டும் நம்பாமல், சில குஞ்சுகளை 24 மணி நேரம் கடல்நீரில் விட்டு, இரத்தத்தில் சோடியம் எவ்வளவு ஏறுகிறது என்று சோதிக்கிறார்கள். அப்புறம், விலாங்கும் கடலுக்குக் கிளம்பும்போது வெள்ளியாகிறது. அது இனப்பெருக்கத்துக்குப் போகிற வளர்ந்த மீன். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பாடநூல் எழுதுபவர் நம்மைத் திட்டுவார்.

‘உருமாற்றம்’ தவளைக்கே இருக்கட்டும். தவளை மறுபடி தலைப்பிரட்டை ஆகாது. இந்தக் குஞ்சோ, சில வாரங்களுக்குள் கடலை எட்டாவிட்டால் பெற்ற திறனை இழந்துவிடும். நீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

என் முன்மொழிவு: கடலணியம். அணியம் என்றால் ஆயத்தம். மீனவர் பேச்சில் வள்ளத்தின் முன்பக்கத்துக்கும் அதுதான் பெயர் என்பது கூடுதல் வசதி. வரியோடு ஆற்றில் இருப்பது வரிக்குஞ்சு, கிளம்பத் தயாரானது அணியக்குஞ்சு, திறன் போய்விடுவது அணியம் கலைதல்.

> சால்மன் ஒன்றுக்காகத் தனிச் சொல் தேவையா?

ஒன்றுக்காக இல்லை. சால்மனுக்கு உறவான பழுப்பு டிரவுட் மீனில் சில ஆயுள் முழுக்க ஆற்றிலேயே இருக்கும், சில கடலுக்குப் போய்த் திரும்பும், இனம் ஒன்றே. வானவில் டிரவுட்டும் அப்படித்தான். (நீலகிரி ஓடைகளில் விடப்பட்டதும் இதே மீன்தான். பசிபிக் கரையில் கடலுக்குப் போகிற வகையை ஸ்டீல்ஹெட் என்பார்கள்.) பழுப்பு டிரவுட்டில் மாற்றம் சால்மனில் உள்ள அளவு கூர்மையாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஆறுகளில் சால்மனும் பழுப்பு டிரவுட்டும் இயற்கையாகவே கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. அந்தக் கலப்பினக் குஞ்சைப் பற்றி எழுதும்போது ‘ஆனது, ஆகவில்லை’ என்ற இரண்டு நிலை மட்டும் போதாது. அரை அணியம், முழு அணியம் என்று அளவு சொல்ல இந்தச் சொல் இடம் தருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. இளஞ்சிவப்பு சால்மன், சரளைக்கல்லுக்கு அடியிலிருந்து மேலே வந்ததுமே கடலுக்குக் கிளம்பிவிடும். அதற்கு வரிக்குஞ்சுப் பருவமே கிடையாது. அங்கே கடலணியம் என்பது பொருந்தும், அணியக்குஞ்சு பொருந்தாது. அதை வெறுமனே ‘கடலேகும் குஞ்சு’ என்று விட்டுவிடலாம் என நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.