மியூல் மானா, வெள்ளைவால் மானா? வேட்டை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொலராடோவில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வேட்டைப் பயிற்சி முடித்ததற்கான ஹன்டர் எஜுகேஷன் கார்டு கையில் வந்துவிட்டது. ரைபிளால் மான் வேட்டையாடும் லைசென்ஸ் குலுக்கலில்தான் கிடைக்கும், ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். கிழக்குச் சமவெளியில் இரண்டு வகை மானும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

கூட வேலை பார்ப்பவர், மியூல் மான்தான் சுலபம் என்று அடித்துச் சொல்கிறார். விரட்டினால் நான்கு கால்களையும் ஒன்றாக ஊன்றித் துள்ளி ஓடும், மேட்டில் ஏறியதும் நின்று திரும்பிப் பார்க்கும், அப்போது சுடலாமாம். சரி, ஆனால் மரமே இல்லாத புல்வெளியில், கழுதைக் காது மாதிரி பெரிதாக இருக்கும் அதன் காதுக்குக் கேட்காமல், காற்றும் நம் வாசனையைக் காட்டிக்கொடுக்காமல் அவ்வளவு கிட்டே போவது எப்படி?

வெள்ளைவால் மான் வேறு ரகம். சவுத் பிளாட் ஆற்றங்கரைப் புதரில் பதுங்கிக் கிடக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் தலைகாட்டும். வாலை நிமிர்த்தி வெள்ளையைக் காட்டிவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது! எனக்கென்னவோ இதுதான் கடினம் என்று படுகிறது. போதாததற்கு ஆற்றோரம் பெரும்பாலும் தனியார் நிலம்.

முதல் வருடத்துக்கு எதைக் குறிவைக்கலாம்? பைனாகுலரோடு மேட்டில் உட்கார்ந்து தேடுவதா, மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பதா? அப்புறம், நிலக்காரர்களிடம் அனுமதி கேட்க எந்த மாதம் போனால் முகம் சுளிக்காமல் பேசுவார்கள்?