கொழிஞ்சாம்பாறைக் குடும்பக் குழு: அணியிலக்கணம்

நான்: பெரியப்பா, வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக அணியிலக்கணம் படித்துக்கொண்டிருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் ‘வாரல் என்பனபோல்’ கைகாட்டியதாக வருகிறது. ஒப்புமையைக் காட்டும் ‘போல்’ என்னும் உவம உருபு வெளிப்படையாக இருந்தும், அதை உவமையணி என்னாமல் தற்குறிப்பேற்ற அணி என்பது ஏன்?

பெரியப்பா: நல்ல கேள்வி, கண்ணு. உருபைத் தேடுவதற்கு முன்னால், இரண்டு பொருள்கள் அங்கே ஒப்பிடப்படுகின்றனவா என்று பார். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்ற குறளில் நிலம் ஒரு பொருள், தம்மை இகழ்வாரைப் பொறுத்துக்கொள்பவர் மற்றொரு பொருள். தீங்கு செய்பவரையே தாங்குவது இருவர்க்கும் பொதுத்தன்மை. ஆகவே அது உவமை. மதிற்கொடி அப்படியன்று. காற்றடித்தால் கொடி அசைவது இயல்பு. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, அங்கே நேரப்போவதை எண்ணி, ‘இங்கே வராதீர்கள்’ என்று கொடிகள் கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை அந்த அசைவின்மேல் ஏற்றுகிறார். கொடி வேறொரு பொருளோடு ஒப்பிடப்படவில்லை. அதன் அசைவுக்குப் புதிய காரணம் கற்பிக்கப்படுகிறது.

அண்ணன்: அதே புறஞ்சேரியிறுத்த காதையில், கொடிகளுக்கு முன்பே வையை ஆற்றுக்கும் இந்த அணி வருகிறதல்லவா, பெரியப்பா? ‘தையற்கு உறுவது தானறிந் தனள்போல்’ என்ற அடியிலும் ‘போல்’ இருக்கிறது.

பெரியப்பா: ஆம், தம்பி. ஆற்றில் பூக்கள் மிதப்பது இயல்பு. கண்ணகிக்கு வரவிருக்கும் துன்பத்தை அறிந்த வையை, மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்பது இளங்கோவடிகள் ஏற்றிய குறிப்பு. இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தால், ஆறும் கொடியும் அறிந்திருந்ததை அவ்விருவர் மட்டும் அறியாமல் நடந்து போகிறார்களே என்று மனம் பதறும். அந்தப் பதற்றத்தை உண்டாக்குவதுதான் இங்கே அணியின் பயன். அதையும் விடையில் எழுது. சேர இளவரசர் என்று மரபு போற்றும் ஒருவரின் காப்பியத்தைப் பழைய சேரநாடான கேரளத்தில், நம் பாலக்காட்டுப் பகுதியில் இருந்துகொண்டே தமிழில் படிக்க உனக்கு வாய்த்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

அத்தை: ‘பிறவிப் பெருங்கடல்’ குறளையும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள், அண்ணா.

பெரியப்பா: அது ஏகதேச உருவகம். பிறவியைக் கடலாக உருவகம் செய்த வள்ளுவர், இறைவன் அடியைத் தெப்பமாக உருவகம் செய்யாமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

நான்: தற்குறிப்பேற்றத்துக்கு நானே ஓர் எடுத்துக்காட்டு எழுதிப் பார்த்தேன். ‘ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நம் ஊர்ப் பனையோலைகள் சலசலப்பது, பெய்யாமல் கிழக்கே போகும் மேகங்களை நின்று பெய்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுவதைப் போல இருக்கிறது.’ இது சரியா?

பெரியப்பா: மிகச் சரி. ஓலை சலசலப்பது இயல்பு. அழைப்பது நீ ஏற்றிய குறிப்பு. மழை குறைந்த நம் கிழக்குப் பகுதியின் ஏக்கமும் அதில் வந்துவிட்டது. ஆனாலும் தேர்வில் பாடநூல் அடிகளையே சான்றாகக் காட்டு. அணியின் பெயரும் இலக்கணமும் ஓரிரு வரிகளில் முடியட்டும். இயல்பாக நிகழ்வது எது, கவிஞர் ஏற்றியது எது என்று பிரித்துக்காட்டிப் பொருத்தும் பகுதியை விரிவாக எழுது. இலக்கணத்தை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் பொருத்தாமல் விடும் விடைக்கு முழு மதிப்பெண் கிடைப்பது அரிது.

அண்ணன்: ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளையும் இதே முறையில் எழுதிப் பழகலாம் என்று நினைக்கிறேன். அதில் உவமை மட்டும்தான் இருக்கிறது. பொருளை நாம்தான் உய்த்துணர வேண்டும்.

பெரியப்பா: ஆம், அது பிறிது மொழிதல் அணி. மயில்தோகையையும் வண்டியின் அச்சையும் பற்றி மட்டுமே சொல்லும் அந்தக் குறள், எதிரியின் வலிமையைப் பற்றி என்ன சொல்கிறது என்று யோசித்து, இன்றிரவே விடை எழுதிப் படம் எடுத்து இங்கே அனுப்பு, கண்ணு. நான் திருத்தித் தருகிறேன்.