டன்ஹாம் நடன முறை படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அமெரிக்காவில் நடனம் படித்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். என் தங்கை அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நடனப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். பாலே, தற்கால நடனமெல்லாம் சமாளித்துவிடுகிறாள், அமெரிக்க நடனக் கலைஞர் கேதரின் டன்ஹாம் உருவாக்கிய முறை வகுப்பில்தான் திணறல். சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவள், அரைமண்டியில் முதுகை நிமிர்த்தியே பழகிய உடம்பு. இங்கேயோ யன்வாலு என்கிற ஹைட்டிச் சடங்கு ஆட்டத்தை ஆடும்போது முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து, முதுகெலும்பை அலைபோல நெளிக்க வேண்டும், அப்புறம் தோள் ஒரு தாளத்துக்கும் இடுப்பு இன்னொரு தாளத்துக்கும் போக வேண்டும், பக்கத்திலேயே மேளம் வேறு.

டன்ஹாம் மானுடவியல் படித்தவர். 1935-ல் கரீபியன் தீவுகளுக்குப் போய் ஆய்வு செய்து, ஹைட்டியில் கண்ட சடங்கு ஆட்டங்களோடு பாலேயையும் நவீன நடனத்தையும் சேர்த்து இதை உருவாக்கினார். அதனால் அசைவை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒட்டாது என்பது என் எண்ணம்.

பரதத்திலிருந்து இதற்கு மாறியவர்கள் முதுகை எப்படி இளக்கினீர்கள்? தோளும் இடுப்பும் தனித்தனியாக அசைய அறைக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சி உண்டா? ஹைட்டி மேளத் தாளங்களைக் காதுக்குப் பழக்க எங்கே தொடங்கலாம்? பருவத் தேர்வு நெருங்குகிறது, தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அவளிடம் அப்படியே காட்டிவிடுகிறேன்.