புதுப்பிப்பு: ஆல்பினி வீரனுக்கு இறகு முளைச்சாச்சு

போன மாசம் புலம்பியிருந்தேனே, 1/35 அளவு இத்தாலிய ஆல்பினி மலைப்படை பொம்மைகள்ல ஒருத்தனோட தொப்பி இறகு வெட்டும்போது தெறிச்சுக் காணாமப் போச்சுன்னு. கிடைக்கவே இல்லை. பொம்மைப் பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல மிச்சத்தை மெழுகுவர்த்திக்கு மேல காட்டி இழுக்கச் சொன்னவருக்கு நன்றி. முடி மாதிரி நூல் வந்தது. அதை நடுத்தண்டா வச்சு, ரெண்டு பக்கமும் சிகரெட் தாள் ஒட்டி, ஓரத்தைப் பிளேடால கீறினேன். நீளம் 8 மி.மீ. மூணாவது தடவைதான் நின்னது. தொப்பிக்கு இடப்பக்கம், லேசா பின்னால சாய்ச்சு.

லெப்டினன்டுக்கு நான் வெள்ளை இறகு அடிச்சிருந்ததும் தப்பு. வெள்ளை மேஜருக்கும் அதுக்கு மேலயும்தான். சிப்பாய்க்குக் கருப்பு, இளநிலை அதிகாரிக்குப் பழுப்புக் கழுகிறகு. மாத்தியாச்சு.

பொம்மைகளை நிறுத்தப்போற காட்சி 1943 ஜனவரி, ரஷ்யாவுல டான் ஆற்றங்கரையிலிருந்து இவங்க பின்வாங்கும் நேரம். பனிக்குத் தூவின சமையல் சோடா அதுக்குள்ள மஞ்சளடிக்குது. சுரண்டணும்.

கோவேறு கழுதை பொம்மை இன்னும் பெட்டியிலதான். அந்தச் சேண வார்களைப் பார்த்தாலே கை நடுங்குது. பொங்கல் லீவுல பார்ப்போம்.