டிபியா பிராஸ்தசிஸில் படெல்லர் டெண்டன்: பிடி எங்கே விடுகிறது?

முதல் பதிவு:
ஆஸ்டியோசார்கோமா (எலும்புப் புற்றுநோய்) கேஸ், மேல் டிபியா (முட்டிக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேற்பகுதி) முழுக்க எடுத்து மெகாபிராஸ்தசிஸ் (அந்த இடத்தில் வைக்கும் பெரிய உலோகச் செயற்கை எலும்பு). முட்டிச்சில்லை டிபியாவோடு இணைக்கும் படெல்லர் டெண்டனை அதன் முன்பக்க வளையத்தில் 5ஆம் எண் ஈத்திபாண்ட் நூலால் நேர்த்தையல் போட்டுக் கட்டியாயிற்று. கால் நீட்டியிருந்தவரை குறையே தெரியவில்லை. சோதிக்க 40 டிகிரி மடக்கியதும், நூலும் அறவில்லை, முடிச்சும் அவிழவில்லை. அவித்த பனங்கிழங்கு பிளப்பதுபோல டெண்டன் நார் நாராகப் பிரிந்து நூலுக்கு வழிவிட்டது. நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்கே பூட்டாத தையல் வழுக்கத்தான் செய்யும். இரண்டு ஓரத்திலும் க்ராக்கோ பூட்டு (நார்களைக் கண்ணி போட்டுப் பூட்டும் தையல்), ஓரத்துக்கு 3 கண்ணியாவது வேண்டும்.

மறுமொழி:
தையல்மேல் மட்டும் பழி போடுவதை ஏற்க முடியாது. எந்தத் தையலும் சில வாரத்துக்குத்தான் தாங்கும். எலும்பில் டெண்டன், நார்க்குருத்தெலும்பு, சுண்ணமேறிய குருத்தெலும்பு, எலும்பு என்று நான்கு படியாக இறங்கிப் பிடிக்கிறது. வழவழப்பான கோபால்ட்-குரோமில் அது நடக்காது. அதற்குத்தான் ட்ரெவிரா குழாய்: பாலியெஸ்டர் வலையைக் காலுறைபோல பிராஸ்தசிஸில் ஏற்றி, கரையாத நூலால் இறுகக் கட்டி, டெண்டனை வலையோடு தைக்க வேண்டும். பிறகு கெண்டைக்காலின் உட்பக்கத் தசையான மீடியல் காஸ்ட்ராக்னீமியஸைத் திருப்பி (இதுதான் ஃபிளாப்) மேலே மூடி, டெண்டனோடும் தைக்க வேண்டும். வடுத்திசு வலைக்குள் ஊடுருவ ரத்தம் கொடுப்பது அந்தத் தசைதான். அதற்கு ரத்தம் தரும் மீடியல் சூரல் தமனி போனால் ஃபிளாப்பும் போச்சு. ஃபிளாப் போடாமல் தோலை இழுத்து மூடிய ஒரு கேஸில், தையல் விட்ட இடுக்கில் வலை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. வலை தெரிந்தால் கிருமி உலோகம்வரை போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி:
ஃபிளாப்பும் வலையும் சரியாக இருந்தும் கெட்ட கேஸ் உண்டு. மூன்றாவது வாரம் பிரேஸை (முட்டியை நீட்டியபடி பிடிக்கும் கட்டு) கழற்றிவிட்டு நோயாளி கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டார். முட்டிச்சில்லு இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது.
யாரும் கேட்கவில்லை என்றாலும் பிசியோ பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். 6 வாரம் முழு நீட்டலில் பூட்டிய பிரேஸ், தூங்கும்போதும். அதுவரை காலை நேராகத் தூக்கும் பயிற்சி வேண்டாம், டெண்டன் முழுச் சுமையையும் இழுக்கும். கணுக்காலை அசைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மடக்கலைப் படிப்படியாகக் கூட்டுங்கள்; கையால் அழுத்தி மடக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் லேக் அளந்து எழுதுங்கள்: நீங்கள் நீட்டினால் எவ்வளவு, அவராக நீட்டினால் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். லேக் கூடினால் அந்த வாரம் மடக்கலை நிறுத்துங்கள். 90 டிகிரி மடங்கி 10 டிகிரி லேக் இருப்பவர் நன்றாகவே நடப்பார். 120 மடங்கி 40 லேக் இருப்பவருக்குப் படியில் முட்டி மடிந்துவிடும்.